பதினோராவது வீடு

மகன், இதை நின்றுகொண்டு வாசிக்காதே. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, கதிரையில் இருந்து வாசி. வாசித்து முடித்ததும் எனக்கு அழைப்பு எடுக்க வேண்டாம். ஒரு நாள் கழியட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து நீ கதைத்ததை ஆறு நாட்களாக மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. அடம்பனில் உன் மாமனார் வீட்டில் விதைப்பு முடிந்துவிட்டது, அறுவடைக்கு முன் கல்யாணத்தை வைத்துவிட வேண்டும் என்கிறார்கள் என்று சந்தோசமாகச் சொன்னாய். பிறகுதான் நீ கேட்க வந்ததைக் கேட்டாய். "அவையள் சைவக்காரர் அப்பா. எங்கட கத்தோலிக்க வேதத்தைப் பற்றி அவையளுக்கு ஒண்டும் தெரியாது. என்னைப் பாத்துத்தான் அறியப் போயினம். நான் உங்களைப் பாத்து அறிஞ்ச மாதிரி. எனக்கு நீங்கள்தான் வெளிச்சம். கல்யாணப் பூசையில முதல் வாசகத்தை நீங்கள்தான் வாசிக்க வேணும்." நான் "பாப்பம்" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தேன். உன் அம்மா அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை.

நான் வாசிக்க மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இங்கே பள்ளிமுனையில் யாராவது உனக்குச் சொல்வதற்கு முன்னர் என் கையால் எழுதியதை நீ வாசிக்க வேண்டும். இதில் ஒரு பிரதியைப் பங்குச் சுவாமியாரிடமும் கொடுத்திருக்கிறேன். பங்கின் மாதப் பத்திரிகையில் போடுவதென்றாலும் போடட்டும், அறிவித்தல் பலகையில் ஒட்டுவதென்றாலும் ஒட்டட்டும் என்று சொல்லிவிட்டேன். மறைத்து வைத்து நான் பட்டது போதும்.

சூசையை உனக்கு நினைவிருக்கும். பெருநாளுக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தில் புனிதரின் சுருவத்துக்குப் பின்னால் நடந்தவன். தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன், பதினெட்டு வயதில் என் படகில் ஏறினான். ஊரில் எல்லோரையும் மச்சான், மாமா என்று கூப்பிடுவான். என்னை மட்டும் அண்ணை என்பான். அந்தச் சொல்லை வேறு ஒருவருக்கும் அவன் கொடுத்ததில்லை. ஜெசிந்தாவை அவனுக்குப் பெண் கேட்டுப் போனதும் நான்தான், அவர்களுடைய மகள் மெலானிக்கு ஞானத்தகப்பனாக நின்றதும் நான்தான். நீ கட்டாரில் வேலைக்குப் போன மூன்றாம் வருடம், தை மாதத்தில், சூசை கடலில் தவறிப்போனான் என்று உனக்கு அறிவித்தோம். நீ அழுதாய். அன்று நான் உனக்குச் சொன்னது பாதிக் கதை.

அன்று விடியப்புறம் நண்டு வலை எடுக்கப் போனோம். கரையை விட்டுப் போகும்போது வானம் தெளிவாக இருந்தது. வலை கிடந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, நான் என்ஜினை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் பனி இறங்கியது. நீ பார்த்திருப்பாய், நம்முடைய கடலில் தை மாதப் பனி எப்படி வரும் என்று. தூரத்தில் ஒரு வெள்ளைச் சுவர் போல நிற்கும். திரும்பிப் பார்க்கும்போது படகின் மறு முனை தெரியாது. சூசை படகின் முன்பக்கத்தில், அணியத்தில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தான். என் கண்ணுக்கு அவன் முதுகு ஒரு சாம்பல் நிழலாகத் தெரிந்தது. வலை எதிலோ மாட்டிக்கொண்டு ஒரு தரம் இழுத்தது. படகு சரிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அந்த நிழல் இல்லை. விழுந்த சத்தம்கூட எனக்குப் பெரிதாகக் கேட்கவில்லை. அந்தப் பனி சத்தத்தையும் விழுங்கிவிட்டது.

நான் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் வந்தது. "அண்ணை." வலது பக்கத்திலிருந்து, அதிகம் போனால் இருபது பாகம் தூரத்தில். அந்தப் பக்கம் துடுப்பைப் போட்டேன். அடுத்த தரம் அதே குரல் இடது பக்கத்தில் கேட்டது. மூன்றாம் தரம் எனக்குப் பின்னால், மிகக் கிட்ட, யாரோ என் தோளோடு குனிந்து சொல்வது போலக் கேட்டது. திரும்பினேன். வெள்ளைப் பனியைத் தவிர ஒன்றுமில்லை. மகன், அந்த நேரத்தில் எனக்குள் ஒரு பயம் ஏறியது. அதை உனக்கு எப்படிச் சொல்வேன். பனிக்குள் கூப்பிடுவது எல்லாம் மனிதர் இல்லை என்று கரையில் கதைப்பார்களே, நான் அதைக் கேட்டுச் சிரிக்கிறவன். அன்று நான் சிரிக்கவில்லை. இது சூசை இல்லை என்று எனக்கு நானே சொன்னேன். இரண்டு தரம் வாய்விட்டுச் சொன்னேன். என்ஜினை இழுத்து, கரை என்று நான் நினைத்த திசைக்குப் படகைத் திருப்பினேன். என்ஜின் சத்தத்துக்குள்ளும் அந்தக் குரல் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கரையில் ஆட்கள் ஓடி வந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டார்கள். விழுந்த உடனே தண்ணீருக்குள் தாண்டு போனான், ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று சொன்னேன். அதை யோசித்துச் சொன்னதாக எனக்கு நினைவில்லை, வாயிலிருந்து தானாக வந்தது. மரண விசாரணையிலும் அதையே சொன்னேன். இரண்டாம் நாள் மத்தியானம் அவனை எடுத்தார்கள். வலையின் மிதவைக் கயிறு அவன் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தது. ஒழுங்கான முடிச்சு. எல்லோரும் வலை சுற்றிக்கொண்டது என்றுதான் சொன்னார்கள். ஜெசிந்தா மட்டும் குனிந்து அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் செபமாலையை எடுத்துச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன்.

அதன் பிறகு நான் பக்திமான் ஆனேன். நீ விடுமுறையில் வந்தபோது அதைப் பார்த்து எவ்வளவு சந்தோசப்பட்டாய். ஒவ்வொரு நாள் பூசையும் தவறவிடவில்லை. குடியை விட்டேன். செத்த வீடு, நோயாளி வீடு, சண்டை நடக்கிற வீடு எல்லாவற்றுக்கும் முதல் ஆளாகப் போனேன். அந்த வருடம் முடிவதற்குள்ளேயே என்னைக் கோயில் காரியங்களைப் பார்க்கிற மூப்பராகத் தெரிந்தெடுத்தார்கள். சுவாமியார் பிரசங்கத்தில் என் பேரைச் சொல்லாமல் என்னைப் பற்றிச் சொன்னார், தன் தொழிலாளி இறந்த துக்கத்தை விசுவாசமாக மாற்றிய ஒருவர் நம் நடுவில் இருக்கிறார் என்று. பிள்ளைகளைத் தாய்மார் என்னிடம் கூட்டி வந்து நெற்றியில் சிலுவை போடச் சொல்வார்கள். நான் போட்டேன். அந்தக் கையால் போட்டேன். நான் செய்த நன்மை எல்லாம் பொய் என்று உனக்குச் சொல்ல வரவில்லை, பசித்தவனுக்கு நான் கொடுத்த சோறு சோறுதான். ஆனால் நான் வெளிச்சமாக நிற்கவில்லை, மகன். ஒரு வெளிச்சத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். முன்னால் நின்று பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

அடுத்த தை மாதம் பனி வந்தது. முதல் நாள் விடியப்புறம் கோயிலுக்குப் போகக் கடற்கரைப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். கழுதைகள் ஏழெட்டு, மணலில் நின்றன. நம்முடைய ஊரில் கழுதை நிற்பது ஒரு புதினமா? ஆனால் அவை மேயவில்லை. தலையை நிமிர்த்தி, எல்லாம் ஒரே திசையில், கடலைப் பார்த்து நின்றன. காகம்கூடக் கத்தவில்லை. நான் அவற்றைக் கடந்து போகும்போது எல்லாக் கழுதைகளின் காதுகளும் ஒரே நேரத்தில் திரும்பின. அதற்குப் பிறகுதான் எனக்குக் கேட்டது. "அண்ணை." உதவி கேட்டு அலறுகிற குரல் இல்லை அது. வீட்டு வாசலில் நின்று, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று கேட்கிறவனுடைய குரல். நான் ஓடவில்லை. வேகமாக நடந்து போய்க் கோயில் மணியை நேரத்துக்கு முன்னரே அடித்தேன்.

அந்தக் கிழமை முழுவதும் பனி. ஒவ்வொரு நாளும் கேட்டது. வீட்டில் இருந்தாலும் கேட்டது. நான் விடிய எழும்பிச் செபமாலையைச் சத்தமாகச் சொல்லும் பழக்கம் அப்போதுதான் தொடங்கியது. உன் அம்மாவும் எழும்பிச் சேர்ந்து சொன்னாள். ஆறாம் நாள் காலையில் ஜெசிந்தா நம்முடைய வீட்டு வேலிப் படலையில் வந்து நின்றாள். தலை ஈரமாக இருந்தது, சேலைக் கரையில் கடல் மணல். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அவள் அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. கடையில் சாமான் விலை கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"மூப்பர், அவர் கூப்பிடுறார். ஒவ்வொரு நாளும் நான் கரையில நிண்டு கேக்கிறன். என்னைக் கூப்பிடேல்லை. பிள்ளையைக் கூப்பிடேல்லை. உங்களைத்தான் கூப்பிடுறார். ஏன்?"

அது காற்று, துக்கத்தில் மனது அப்படித்தான் கேட்கும் என்று சொன்னேன். "உடன தாண்ட மனிசன் எப்பிடி அந்த முடிச்சைப் போட்டவர்?" என்று கேட்டாள். நான் செபமாலையைக் கையில் எடுத்தேன். அவள் போனாள். அதே கேள்வியை அவள் மீன் வாடியில் கேட்டாள், கடையில் கேட்டாள், பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் கேட்டாள். சனம் அவளைக் கண்டால் மறு பக்கம் போகத் தொடங்கியது. செத்தவனோடு கதைக்கிறாள், அவளுக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்றார்கள். அதை முதலில் சொன்னது நான் இல்லை. ஆனால் சொன்னவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

பிறகு அவள் வீட்டில் செபம் வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். சுவாமியார் அந்த மாதம் ஊரில் இல்லை. நான்தான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். பின்னேரம் நாலு மணி, நல்ல வெயில். கையில் மெழுகுதிரியும் தீர்த்தமும் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி போனோம். ஜெசிந்தா எங்களைக் கண்டதும் அவசரமாகத் தலையை முடிந்துகொண்டு, உள்ளே திரும்பி மெலானியிடம் தேத்தண்ணி போடச் சொன்னாள். நாங்கள் அவளைப் பார்த்துப்போக வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள். பல கிழமைகளாக அந்த வீட்டுக்கு ஒருவரும் போகவில்லை. அவளைக் கதிரையில் இருத்திச் சுற்றி நின்றோம். நான் சிலுவையை அவள் தலைக்கு மேல் பிடித்து, இந்தப் பெண்ணை விட்டுப் போ என்று செபித்தேன். தீர்த்தம் அவள் முகத்தில் பட்டு வழிந்தது. அவள் துடைக்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். செபத்தின் நடுவில், மற்றவர்களுக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக, "என்னட்டை இருந்து ஆரைப் போகச் சொல்லுறியள், மூப்பர்?" என்று கேட்டாள்.

அந்த நேரத்தில் எல்லா மெழுகுதிரிகளின் சுடர்களும் ஒரு பக்கம் சாய்ந்தன. காற்று இல்லை. கொடியில் கிடந்த துணி அசையவில்லை. கடல் பக்கத்திலிருந்து, வெயிலுக்குள், ஒரு துளி பனியும் இல்லாமல், எனக்கு அந்தக் குரல் கேட்டது. நான் தொண்டையைத் திறந்து பாட்டை எடுத்தேன். பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் என்னோடு சேர்ந்து பாடினார்கள், நான் அதுவரை கேட்டிராத அளவு சத்தமாக. மெலானி தட்டில் தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஒருவரும் எடுக்கவில்லை.

அடுத்த மாதமே ஜெசிந்தா மகளைக் கூட்டிக்கொண்டு பெரியமடுவுக்குத் தங்கையிடம் போய்விட்டாள். பேய் பிடித்த பொம்பிளை என்ற பேர் அவளுக்கு முன்னரே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. நான் மூப்பராகவே இருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் நற்கருணை எடுத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சின்னச் சின்னக் கோபங்களையும் சின்னச் சின்னப் பொய்களையும் சொன்னேன். ஒவ்வொரு தை மாதமும் குரல் கேட்டது. நீ கட்டாரை விட்டு வந்தாய், கொழும்பில் வேலை எடுத்தாய், உங்களைப் போல நானும் பூசைக்குப் போகிறேன் என்று பெருமையாகச் சொன்னாய். அப்படி நீ சொல்லும் ஒவ்வொரு தரமும் நான் கதையை மாற்றினேன்.

இந்த ஐப்பசியில் ஒரு வான் நம்முடைய வீட்டு வாசலில் வந்து நின்றது. மெலானியைத் தங்கள் மகனுக்குப் பேசியிருக்கிற குடும்பம். நல்ல ஆட்கள். பெண்ணின் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கப் பள்ளிமுனைக்கு வந்தவர்களை, மூப்பரிடம் கேளுங்கள் என்று ஊரார் என்னிடம் அனுப்பியிருந்தார்கள். தகப்பன் மரியாதையாகத்தான் கேட்டார். "தாய்க்கு ஏதோ பேய்க் குணம் இருந்ததாம் எண்டு கேள்விப்பட்டம். நீங்கள்தான் செபிச்சதாமே. உண்மையோ, ஐயா?" இல்லை என்று ஒரு சொல். அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் பின்னால் இருக்கிற எல்லாம் வரும் என்று எனக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். எழும்பி, கும்பிட்டு, போய்விட்டார்கள். அடுத்த கிழமை அந்தச் சம்பந்தம் குழம்பியது.

அதைக் கேள்விப்பட்ட அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் திரிகால மணி அடிக்கக் கோயிலுக்குப் போனேன். வெளியே கண்ணைக் குத்துகிற வெயில். உள்ளே நுழைந்ததும் பனி மணத்தது. ஈர மணலும் நண்டும் கலந்த, கடற்பனியின் மணம். இருக்கை வாங்குகள் எல்லாம் காலி. பீடத்தின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நான் மணிக் கயிற்றைப் பிடித்தேன். பின்னால், அன்று படகில் கேட்டது போலவே, தோளுக்குக் கிட்ட, "அண்ணை" என்று கேட்டது. ஏழு வருடம் நான் பாட்டாலும் செபத்தாலும் மணியாலும் அமத்தி வைத்த குரல், நான் ஒளிந்திருந்த இடத்துக்கே வந்துவிட்டது. கயிற்றை விட்டேன். அன்று மத்தியானம் பள்ளிமுனையில் மணி அடிக்கவில்லை. நான் வெளியே வந்து பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

அடம்பன் வழியாகப் பெரியமடுவுக்கு பஸ் போய்ச் சேர இரண்டரை மணி ஆகிவிட்டது. ஜெசிந்தா முற்றத்தில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை தரம் கூப்பிட்டான், எந்தப் பக்கத்திலிருந்து, நான் என்ன செய்தேன், ஒன்றையும் மெருகேற்றாமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்டு முழந்தாளில் நிற்கப் போனேன். அவள் தடுத்துவிட்டாள்.

"எழும்புங்கோ. இஞ்ச அழ வேண்டாம்." குனிந்து உளுந்தைக் கையால் பரப்பிவிட்டாள். "அப்ப எனக்கு விசர் இல்லை" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தான் சொன்னாள். அதை மறுபடியும் ஒரு தரம் சொன்னாள். மகளை விட்டுப் போன அந்தச் சம்பந்தத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். "அண்டைக்கு என்ர வீட்டுக்கு உங்களோட வந்தது பதினொரு பேர். என்ர பிள்ளை எண்ணித்தான் தேத்தண்ணி ஊத்தினது. அந்தப் பதினொரு வீட்டுக்கும் நடந்து போங்கோ. பகல்ல போங்கோ. எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ. மன்னிக்கிறதோ இல்லையோ எண்டு நான் பேந்து பாப்பன்."

அந்தப் பின்னேரமே சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மூப்பர் பதவியை விட்டேன். பொலிசுக்குப் போய் ஏழு வருடத்துக்கு முந்திய வாக்குமூலம் பொய் என்று எழுதிக் கொடுத்தேன். கூப்பிட்டால் வர வேண்டும் என்றார்கள். இதுவரை கூப்பிடவில்லை. மெலானியைப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் போனேன். அந்தத் தகப்பன் கடைசி வரை கேட்டுவிட்டு, ஏன் ஐயா அன்றைக்குச் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். பிறகு வீடு வீடாகப் போகத் தொடங்கினேன்.

முதல் வீடு பிலோமினாக்காவின் வீடு. திட்டுவார், முகத்தில் கதவைச் சாத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும், "எனக்கும் கேட்டது" என்றார். எனக்கு விளங்கவில்லை. "அண்டைக்கு ஜெசிந்தா வீட்டில. அண்ணை எண்டு. அதுக்கு முந்தியும் பனிக்குள்ள கேட்டிருக்கிறன். நீங்கள் ஒண்டும் கேக்காத மாதிரிப் பாடினீங்கள். மூப்பருக்கே கேக்கேல்லை எண்டால் எனக்குள்ளதான் ஏதோ பிழை எண்டு நானும் பாடினன்." இரண்டாம் வீட்டிலும் அதையே சொன்னார்கள். மூன்றாம் வீட்டில் அந்தப் பெண் அழத் தொடங்கினாள், ஒவ்வொரு தை மாதமும் காதுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு படுக்கிறாளாம். மகன், எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. எல்லா வீட்டிலும் ஒருவருக்கு ஒருவர் சொல்லாமல், என் முகத்தைப் பார்த்து, என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒரு மனிதனைப் பார்த்து ஊர் நடக்கும் என்று சுவாமியார் சொன்னது சரிதான். என்னைப் பார்த்து நடந்தது. நான் எங்கே போனேனோ அங்கேயே வந்தது.

உன் மாமனார் வீட்டார் உன்னைப் பார்த்து அறியப் போகிறார்கள் என்று சொன்னாயே, அது என்னைப் பயப்படுத்துவதற்கு இதுதான் காரணம். அவர்கள் நீ செபிப்பதைப் பார்க்க மாட்டார்கள். நீ பிழை விட்ட அன்று என்ன செய்கிறாய் என்பதைப் பார்ப்பார்கள். அந்த வீட்டில் நீ ஒரு பொய் சொன்னால் அன்றே சொல்லிவிடு. யாரையாவது கைவிட்டால் அன்றே திரும்பிப் போ. பயம் வரும். எனக்கு வந்த பயம் உண்மையான பயம்தான். பயந்ததற்காகக் கடவுள் என்னைத் துரத்தினார் என்று நான் நினைக்கவில்லை. பயந்தேன் என்று சொல்லும் வரை என்னை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அந்தக் குரல் சூசையுடையதா, வேறு யாருடையதா என்று எனக்குத் தெரியாது. சுவாமியாரிடம் கேட்டேன். அவரும் தெரியாது என்றார்.

மூன்று நாளில் பத்து வீடு முடிந்தது. பத்தாம் வீட்டை விட்டு வெளியே வந்து, பதினோராவது யார் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு முகமாக எண்ணினேன். கதிரைக்குப் பின்னால் நின்றவர்கள், வாசலோரம் நின்றவர்கள், எனக்கு மெழுகுதிரி பற்றித் தந்தவர். அந்தக் கையை நினைத்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நான் என் வீட்டுக்குத்தான் நடந்தேன்.

உன் அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் மற்ற வீடுகளில் நின்ற மாதிரியே படலைக்கு வெளியே நின்று, அவளைக் கூப்பிட்டேன். அவள் வந்தாள். மற்றவர்களுக்குச் சொன்ன மாதிரியே, முதலிலிருந்து சொன்னேன். கையிலிருந்து சோப்பு நுரை நிலத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றாள். "நீங்கள் அண்டைக்குக் கரைக்கு வந்து இறங்கேக்கையே எனக்குத் தெரியும். நித்திரையில அண்ணை எண்டு நீங்கள்தான் கூப்பிடுவியள், சூசையின்ர குரல்ல. ஏழு வருஷமாப் பக்கத்தில படுத்திருந்து கேட்டனான். நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தன். பேந்து நீங்கள் சத்தமாச் செபமாலை சொல்லத் தொடங்கினீங்கள். நானும் சேந்து சத்தமாச் சொன்னனான். அதுதான் என்ர பாவம்." அதைச் சொல்லிவிட்டுப் படலையைத் திறந்துவிட்டாள்.

அன்று பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறிப் பெரியமடுவுக்குப் போனோம். உன் அம்மா தான் சொல்ல வேண்டியதை ஜெசிந்தாவிடம் தனியாகச் சொன்னாள். ஜெசிந்தா இன்னும் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் மெலானி உள்ளேயிருந்து இரண்டு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், நாங்கள் குடித்தோம். அந்த மாப்பிள்ளைப் பையன் வீட்டாரை எதிர்த்துக்கொண்டு இரண்டு தரம் பெரியமடுவுக்கு வந்து போயிருக்கிறான் என்று கேள்வி. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

இந்தக் கடிதத்தை உன் மாமனார் வீட்டில் காட்டுவதா என்பது உன் விருப்பம். காட்டினால் கல்யாணம் குழம்பலாம். அந்தப் பாரத்தை உன் தலையில் வைத்ததற்கு என்னை மன்னித்துக்கொள். காட்டு என்று நான் சொல்ல மாட்டேன், மறை என்றும் சொல்ல மாட்டேன். உன் கல்யாணப் பூசைக்கு வருவேன். பொலிஸ் கூப்பிடாமல் இருந்தால், நீயும் வர வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தால்.

பனி இன்னும் தொடங்கவில்லை. தொடங்கும் முதல் நாள் விடியப்புறம் கரைக்கு வருவதாக ஜெசிந்தா சொல்லியிருக்கிறாள். பிலோமினாக்காவும் மற்றப் பெண்களும் வருவார்கள். ஒரு பாட்டும் பாடுவதில்லை, செபமும் சத்தமாகச் சொல்வதில்லை, பேசாமல் நின்று கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். கூப்பிட்டால் நான் ஓம், இங்கேதான் நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, மகன். உனக்கு லீவு கிடைத்தால் வா. வந்து என் பக்கத்தில் நில்.

அப்பா
பள்ளிமுனை